வலது ஓரம்

எங்கள் ஊரில் மூடுபனி விழுந்தால் பள்ளிக்கூட பஸ் இரண்டு மணி நேரம் தாமதமாக வரும். ‘எங்கள் ஊர்’ என்று எழுதிவிட்டு நானே கொஞ்சம் திகைக்கிறேன். நான் சொல்வது கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில், பாதாம் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஒரு சின்ன ஊரை. நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைக்கும் இங்கே ஈர மண்ணிலிருந்து பனி கிளம்பி, காற்றில்லாமல், கலையாமல் அப்படியே நிற்கும். டூலி ஃபாக் என்பார்கள். அப்படிப்பட்ட நாளில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஊரில் பிள்ளை வைத்திருக்கிற எல்லோருடைய கைப்பேசியும் ஒலிக்கும். பதிவு செய்த ஒரு பெண் குரல், இன்றைக்கு ஃபாகி டே, பஸ் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கிளம்பும் என்று நிதானமாகச் சொல்லும். என் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிதில் முதல்முறை அந்த அழைப்பு வந்தபோது எனக்கு இங்கிலீஷ் பாதிதான் புரிந்தது. யாரோ பெரிய தலைவர் போய்விட்டார் என்று முடிவு கட்டினேன். நம் பக்கத்தில் விடியற்காலையில் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்ல, புயல் மழையை விட்டால் வேறென்ன காரணம் இருக்கிறது? பக்கத்து வீட்டு அம்மாள் குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். “ஹூ டைடு?” என்று கேட்டேன். அவள் பயந்துபோய், “நோபடி!” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, யாரும் சாகவில்லை, யாரும் சாகக் கூடாது என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு என்று மெதுவாக விளக்கினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பனிக்கெல்லாமா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நினைத்தேன்.

இன்றைக்கு அந்த மஞ்சள் பஸ்ஸை ஓட்டுகிறவளே நான்தான். பிறந்தது ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்து விஜயபுரம் மண்டலத்தில், நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற ஒரு தமிழ்க் குடும்பத்தில். ஊரில் நான் ஓட்டியது சைக்கிள் ஒன்றுதான். கல்யாணமாகி, விதைக் கம்பெனி ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் கணவரோடு இங்கே வந்து, பெண் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் பஸ் ஓட்டக் கற்றுக்கொண்டேன். நான் வாழ்க்கையில் முதல்முதலாகப் பிடித்த ஸ்டீயரிங் இந்த நாட்டு ஸ்டீயரிங். தனலட்சுமி என்ற பெயர் யார் வாயிலும் நுழையாததால் ‘மிஸ் டானா’ ஆனேன். பதினோரு வருஷமாக என் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. அதை மறைத்துவிட்டு இதை எழுத முடியாது. பயிற்சியின்போது மூடுபனிக்கென்றே ஒரு நாள் முழுக்கப் பாடம் எடுத்தார்கள். முன்னால் போகிறவனின் சிவப்பு விளக்கை நம்பிப் போகாதே. அவன் கால்வாயில் இறங்கினால் நீயும் இறங்குவாய். கண் தெரியவில்லை என்றால் வீம்பு பிடிக்காதே. ரோட்டை விட்டு முழுசாக இறங்கி ஓரம் கட்டு, நான்கு விளக்கையும் மினுக்கவிடு, பிரேக்கிலிருந்து காலை எடு, காத்திரு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

நம் ஊரில் பனிக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. மார்கழியில் புத்தூர்ப் பக்கத்து மலைகளே காணாமல் போகும். காலேஜுக்குப் போக நான் ஆறரை மணி பஸ்ஸுக்கு நிற்பேன். பஸ் வருவது கண்ணுக்குத் தெரியாது. ஹாரன் கேட்டால் கையை நீட்டுவோம். டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தபடியே ஓட்டுவார். ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயும். சாயங்காலம் அதைக் குவித்து, கறுப்புத் தார்ப்பாயால் மூடி, சுற்றிலும் பெரிய கற்களாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். திருமலைக்கு நடந்து போகிறவர்கள் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாக ரோட்டோரமாகவே போவார்கள். அவர்கள் போடும் கோவிந்தா சத்தம்தான் அவர்களுக்குப் பாதுகாப்பு; சத்தம் கேட்ட பக்கம் வண்டியை ஒடிக்கக் கூடாது என்று எல்லா டிரைவருக்கும் தெரியும். எங்கள் யாருக்கும் இதில் பயம் இருந்ததாக நினைவில்லை. மஞ்சு கொட்டுது என்று பாதித் தெலுங்கில் சொல்லிக்கொண்டு, சளி பிடிக்காமல் காதைக் கட்டிக்கொள்வோம், அவ்வளவுதான். இத்தனை வருஷம் கழித்து நினைத்துப் பார்த்தால், நாங்கள் எல்லோரும் உயிரோடு படிப்பை முடித்ததே அதிசயமாக இருக்கிறது.

போன மார்கழிக் கடைசியில் ஊருக்குப் போனேன். நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய் வாரத்தில் மூன்று நாள் திருப்பதி ஆசுபத்திரியில் டயாலிசிஸ் நடக்கிறது. காலை ஏழரைக்கு அவருக்கு மெஷின். தாமதமானால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒரு நாள் தள்ளிப்போனாலே முகம் வீங்கி மூச்சு வாங்கும். அவரை அழைத்துப் போவது என் தம்பி முனிரத்னம். சத்தியவேடு பக்கத்து ஃபேக்டரிகளுக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றிப் போகிற வேன் டிரைவர் அவன். நானும் டிரைவர், அவனும் டிரைவர். ஆனால் நான் அமெரிக்க டிரைவர். வந்து இறங்கிய நாளிலிருந்து அவனை நான் விட்டுவைக்கவில்லை. பெல்ட் போடுடா, போனைக் கீழே வைடா, சும்மா சும்மா ஹாரன் அடிக்காதேடா. அவன் கோபித்துக்கொள்ளவே மாட்டான். “எங்கக்கா பஸ்ஸ கூட இங்கிலீஷுலதான் ஓட்டுவா” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அன்று காலை ஐந்தரைக்கு அவன் பழைய காரில் மூன்று பேரும் கிளம்பினோம். நைனா பின் சீட்டில் போர்வைக்குள் இருந்தார். நகரி தாண்டுகிற வரைக்கும் ரோடு தெரிந்தது. அதற்கப்புறம், புத்தூருக்கு முன்னால், ஒரு ஏரியை ஒட்டிப் போகிற இடத்தில் திடீரென்று எதிரே ஒன்றுமே இல்லாமல் போனது. லேசாக வெளுக்கிற நேரம். அந்த வெளிச்சத்தில் பனி இன்னும் கெட்டியாகத் தெரிந்தது. ரத்னம் பதறவில்லை. முன்னால் ஒரு லாரியின் சிவப்பு விளக்கு மங்கலாகத் தெரிந்தது. அதற்குப் பத்தடி பின்னால் வண்டியை ஒட்டவைத்துக்கொண்டான்.

“இன்னாடா இது? அவன் பிரேக் அடிச்சா நாம எங்க போவோம்?”

“நீ பேசாம குந்திக்கினு வாக்கா. அவன் லைட்ட புடிச்சிக்கினு போனா புத்தூரு வந்துடும். இங்க எல்லாரும் அப்பிடித்தான் போய்க்கினு கீறாங்க.”

திரும்பிப் பார்த்தேன். அவன் சொன்னது உண்மைதான். எங்கள் பின்னாலும் ஒரு ஒற்றை விளக்கு எங்களைப் பிடித்துக்கொண்டு வந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. படிக்காத ஜனங்கள், ஒருத்தன் விழுந்தால் எல்லோரும் விழுவார்கள் என்று மனசுக்குள் திட்டினேன்.

“நிறுத்துடா. எறங்கு. நான் ஓட்டறேன்.”

“அக்கா, நைனாவுக்கு ஏழரைக்கு மெஷினு.”

“உயிரோட போய்ச் சேந்தாத்தானே மெஷினு?”

பின்னாலிருந்து நைனா பேசினார். “குடுத்துடுறா ரத்னம். அவ இன்னா சும்மாவா? அமெரிக்காவுல அத்தினி புள்ளைங்கள ஏத்திக்கினு போறவ.” அவர் குரலில் இருந்த பெருமை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

இன்டர்நேஷனல் பர்மிட் கைப்பையில் இருந்தது. ஊருக்குள் இரண்டு முறை அந்தக் காரை ஓட்டியும் பார்த்திருந்தேன். இடம் மாறி உட்கார்ந்து கிளம்பினேன். எங்களோடு நின்ற அந்த ஒற்றை விளக்கும் எங்களோடு கிளம்பியது. அது அப்போது என் மனசில் படவே இல்லை. லாரி போய்விட்டிருந்தது. இடது பக்கம் தெரிந்த புல்லைப் பார்த்துக்கொண்டு மெதுவாக ஓட்டினேன். கொஞ்ச தூரத்தில் ரோட்டை அகலப்படுத்துகிற வேலை நடக்கும் இடம் வந்தது. புதுத் தார், வெள்ளைக் கோடு இன்னும் போடவில்லை. புல்லும் போனது, ஓரமும் போனது. கண்ணாடிக்கு வெளியே பாலை ஊற்றினமாதிரி இருந்தது. நான் பயப்படவில்லை. இதற்குத்தானே எனக்குப் பாடம் எடுத்தார்கள்? யாரையும் கேட்காமல், கை தானாகத் திரும்ப, சக்கரத்தின் கீழே சரளைக்கல் நொறுங்கும் சத்தம் கேட்கிறவரை போய், ரோட்டை விட்டு முழுசாக இறங்கி நிறுத்தினேன். நான்கு விளக்கையும் மினுக்கவிட்டேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

“பாத்தியாடா? இதுக்குப் பேருதான் டிரைவிங்கு” என்றேன்.

ரத்னம் தன் பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓரம் கட்டிய வண்டியில் இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறவனுக்கு வயல் தெரிய வேண்டும். அவனுக்கு ரோடு தெரிந்தது.

“அக்கா, எந்தப் பக்கம் நிறுத்திக்கீற?”

எனக்குக் கேள்வியே புரியவில்லை. ஓரமாகத்தானே நிறுத்தியிருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எதிரே இரண்டு விளக்குகள் கிளம்பி வந்து, அவன் ஜன்னலை உரசுகிறமாதிரிக் கடந்து போயின. எங்கள் பின்னால் சத்தம் கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. வண்டியிலிருந்து மூட்டையைத் தள்ளினால் கேட்குமே, அந்த அளவுதான்.

நான் வலது ஓரத்தில் நிறுத்தியிருந்தேன். அமெரிக்காவில் வண்டிகள் வலது பக்கமாகப் போகும். ஓரம் என்றால் வலது ஓரம். பாடம் எடுத்தவர்கள் எந்த ஓரம் என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே அங்கே யாருக்கும் கிடையாது. கோடும் புல்லும் தெரிந்தவரைக்கும் நான் நம் நாட்டில் ஓட்டிக்கொண்டிருந்தேன். கண் மறைந்ததும் என் கைகள் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டன. எதிரே வரும் வண்டிகளின் பாதையைக் குறுக்கே கடந்து, எதிர்ப்பக்கத்துச் சரளையில் போய் நின்றுகொண்டு, தம்பிக்கு டிரைவிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என் சிவப்பு விளக்கை நம்பி வந்த அந்த ஒற்றை விளக்கும் என் பின்னாலேயே குறுக்கே வந்திருக்கிறது. நான் சரளையில் இறங்கிவிட்டேன். அது ரோட்டிலேயே நின்றுவிட்டது, எதிரே வந்த மினி லாரியின் வழியில்.

இறங்கி ஓடினோம். முதலில் கண்ணில் பட்டது பூ. மஞ்சள் சாமந்தி, மூட்டை வாய் பிரிந்து புதுத் தார் முழுக்கக் கொட்டிக் கிடந்தது. அதற்கப்பால் ஒரு மொபெட். அதற்கப்பால் அந்த ஆள். ஐம்பது வயது இருக்கும், குல்லாயும் ஸ்வெட்டரும் போட்டிருந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே போகக் கூடாத பக்கம் போயிருந்தது. தக்காளி ஏற்றி வந்த மினி லாரியின் டிரைவர் சின்னப் பையன்போல அழுதுகொண்டு, “நா சைட்லோனே ஒச்சானு, நா சைட்லோனே ஒச்சானு” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். என் பக்கத்தில்தான் வந்தேன் என்கிறான். அவன் சொன்னது சத்தியம். அங்கே தவறான பக்கத்துக்கு முதலில் ஒடித்தது நான்தான். எங்கிருந்தோ கோவிந்தா சத்தம் நெருங்கி வந்தது. மஞ்சள் சேலை கட்டிய நாலைந்து பெண்கள் பனிக்குள்ளிருந்து வெளியே வந்து, ஒன்றும் கேட்காமல், தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் வாயில் ஊற்றினார்கள். அவர் ரத்னத்தின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒங்க லைட்ட புடிச்சிக்கினுதான் சார் வந்தேன். எங்க ஒடிச்சீங்கன்னே தெரியல.”

அவர் பெயர் ஆறுமுகம். திருப்பதிப் பூக்கடைகளுக்குச் சாமந்தி கொண்டுபோகிறவர். பின் சீட்டில் அவரைப் படுக்கவைத்து, காலை என் மடியில் வைத்துக்கொண்டேன். நைனா முன் சீட்டுக்கு மாறினார். ரத்னம் ஓட்டினான். முன்னால் போன ஏதோ ஒரு வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டுதான் புத்தூர் போய்ச் சேர்ந்தான்.

புத்தூரில் ஒரு ஆசுபத்திரி வராந்தா. ஆறுமுகத்தை உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் சேலையில் இருந்த ரத்தம் காய்ந்து துணி விறைத்துக்கொண்டிருந்தது. ஒரு கான்ஸ்டபிள் வந்தார், சளி பிடித்த குரலில், எங்களைச் சரியாக நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “பண்டி எவரு நடிபாரு?” என்று கேட்டார். வண்டியை ஓட்டியது யார்?

“நேனே சார்” என்றான் ரத்னம்.

நான்தான் சார். ஒரு நொடிகூட அவன் யோசிக்கவில்லை. அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்காமல் பர்ஸிலிருந்து லைசென்ஸை எடுத்துக்கொண்டிருந்தான். நைனாவைப் பார்த்தேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த காய்ச்சல் விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். வாயும் திறந்தது. “கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” என்று கேட்டேன். கான்ஸ்டபிள் குழாய் இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். நான் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது அவர் எழுதி முடித்திருந்தார். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே இந்தத் தண்ணீரைத்தான்.

வெளியே வந்ததும் ரத்னத்தின் கையைப் பிடித்தேன். “இன்னாடா சொன்ன? போய் மாத்திச் சொல்லு.”

“நீ சும்மா இருக்கா. ஒன் பேர எழுதினா பாஸ்போர்ட்ட புடுங்கி வெச்சிப்பான். அங்க ஒன் பஸ்ஸு லைசென்ஸ் போய்டும். எனக்கு இன்னா, நான் இங்கதான கீறன்.”

நைனாவுக்கு அன்று மெஷின் கிடைக்கவில்லை. மறுநாள் காலைதான் கிடைத்தது. அதுவரை அவர் திணறித் திணறி மூச்சு விட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறுமுகத்தைத் திருப்பதிக்கு அனுப்பி, காலில் கம்பி வைத்தார்கள். கால் பிழைத்தது, மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். என்னை ரத்னத்தின் அக்கா என்றுதான் அவருக்குத் தெரியும். வலியில் அன்று என் முகம் அவருக்குப் பதிந்திருக்கவில்லை. “ஒங்க தம்பி தங்கமான மனுஷன்மா. வேற யாருன்னா இருந்தா வுட்டுட்டு ஓடிக்கினு இருப்பான்” என்றார். அவர் மனைவி எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, டாக்டர் என்ன சொன்னார், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று விசாரித்துவிட்டு எழுந்து வந்தேன். நானா இது என்று எனக்கே நம்ப முடியவில்லை. இன்றுவரை நம்ப முடியவில்லை.

புலம்பெயர்ந்தவர்கள் ஊருக்குப் போனால் செய்கிற காரியம் ஒன்று உண்டு, நீங்களும் செய்திருப்பீர்கள். வரிசையில் நிற்கத் தெரியவில்லை, ரோட்டில் ஓட்டத் தெரியவில்லை, உயிருக்கு மதிப்பில்லை என்று விமான நிலையத்திலிருந்தே ஆரம்பித்துவிடுவோம். அதில் பொய் இல்லை. பனியில் முன்வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு போவது ஆபத்துதான். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் யாராவது சாகிறார்கள். ஆனால் அன்று காலை தம்பி கையில் ஸ்டீயரிங் இருந்திருந்தால், அந்த லாரியைப் பிடித்துக்கொண்டு நாங்களும், எங்களைப் பிடித்துக்கொண்டு ஆறுமுகமும் ஏழு மணிக்குள் புத்தூரைத் தாண்டியிருப்போம். விதி தெரியாதவனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விதியை ஒப்பித்த என்னால் ஆனது. இதை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை.

திரும்பி வந்து வேலையில் சேர்ந்த அன்று என் மேலதிகாரி டயான், இந்தியா எப்படி இருந்தது என்று கேட்டாள். அங்கேயும் மூடுபனி என்றேன். “இந்தியாவிலா? அங்கே வெயில்தானே?” என்று ஆச்சரியப்பட்டாள். பனியில் ஒரு விபத்து, நான் அந்தக் காரில் இருந்தேன் என்று ஆரம்பித்தேன். மீதியைச் சொல்லிவிடத்தான் நினைத்தேன். அவள் நாற்காலியை விட்டு எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். யார் ஓட்டியது என்று கேட்டாள். நான் பேசாமல் நின்றேன். அதை அவள் வேறு விதமாக எடுத்துக்கொண்டாள். “யுவர் பிரதர்? ஓ, டானா!” என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்த நாட்டு டிரைவர்களை நினைத்தால் உனக்கு எவ்வளவு பயமாக இருந்திருக்கும், ஒரு நாள் லீவு எடுத்துக்கொள் என்றாள். எடுத்துக்கொண்டேன்.

ரத்னத்தின் லைசென்ஸை வாங்கி வைத்திருக்கிறார்கள். வேன் வேலை போய்விட்டது. நகரியில் ஒரு பவர்லூம் கொட்டகையில் நூல் மூட்டை இறக்குகிறான். நைனாவைப் பஸ்ஸில்தான் திருப்பதிக்கு அழைத்துப் போகிறான். போன வாரம் போனில் பேசும்போது, கேஸ் கோர்ட்டுக்கு வருகிறபோது நான் வந்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவன் பின்னால் தறிகளின் சத்தம் கேட்டது.

“நீ வர முடியாதுக்கா. அன்னிக்கு வண்டில நீ இல்லவே இல்ல.”

“இன்னாடா சொல்ற?”

“நானும் நைனாவும் மட்டும்தான் இருந்தோம்னு எழுதிக் குடுத்துட்டேன். நீ அப்பறமா ஆட்டோ புடிச்சி ஆசுபத்திரிக்கு வந்தியாம். சாட்சின்னு ஒன் பேரு இருந்தா கூப்புடுவாங்க. கூப்ட்டா நீ வாய வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்ட, எனக்குத் தெரியும். நைனாவும் கையெழுத்து போட்டுட்டாரு. நீ அங்கியே இரு.”

என்னைக் காப்பாற்றுவதற்காகத்தான் செய்திருக்கிறான், அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் நான் பிறந்து வளர்ந்த மண்ணில், அந்தக் காலையில், நான் இல்லை என்று என் அப்பாவே கையெழுத்துப் போட்டிருக்கிறார். இங்கே என் கோப்பில் பதினோரு வருஷம் ஒரு கீறல் இல்லை என்று இருக்கிறது. இந்தக் கட்டுரையை ரத்னம் படிக்க மாட்டான். எல்லையோரத் தமிழ்ப் பள்ளியில் கடைசியாகப் படித்த பிள்ளைகளில் நான் ஒருத்தி. அவனைத் தெலுங்கு மீடியத்தில் போட்டுவிட்டார்கள். பேசுவது தமிழ்தான், ஆனால் இந்த எழுத்தை அவனுக்குக் கூட்டிக்கூட வாசிக்க வராது. அந்த போலீஸ் ஸ்டேஷனிலும் யாருக்கும் வராது. டயானுக்கும் வராது. உண்மையைச் சொல்ல நான் இந்த மொழியைத் தேர்ந்தெடுத்ததில் அந்தக் கோழைத்தனமும் இருக்கிறது என்பது எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது.

நேற்றுக் காலை மறுபடியும் பனி. இங்கே பள்ளிக்கூட பஸ் ரயில் பாதையைக் கடக்கும் முன் நின்றாக வேண்டும். டிரைவர் கையை உயர்த்தியதும் பிள்ளைகள் மூச்சுக் காட்டக் கூடாது. என் இடது பக்கத்து ஜன்னலையும் வலது பக்கத்துக் கதவையும் திறந்து, ரயில் வருகிறதா என்று காதால் கேட்க வேண்டும். திறந்தேன். கதவு வழியாகப் பனி உள்ளே வந்து படிக்கட்டில் நின்றது. நாற்பது பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள். ரயில் சத்தம் எதுவும் இல்லை. ரோடு எது, ஓரம் எது என்று தெரியாத அந்த வெள்ளையைப் பார்த்து, “வண்டிய ஓட்டினது நான்” என்று உரக்கச் சொன்னேன். ரயில் பாதையைத் தாண்டும்போது டிரைவர் சொல்ல வேண்டிய ஏதோ ஒன்று என்று பிள்ளைகள் நினைத்திருக்க வேண்டும். ஒருவரும் சிரிக்கவில்லை. கதவை மூடிவிட்டுத் தண்டவாளத்தின் மேல் மெதுவாக ஏறினேன்.